சேவற்கொண்டையில் ஒரு பல்

தமிழில் பல்லுக்கு இரண்டு வினைச்சொற்கள் வழங்குகின்றன. குழந்தைக்குப் பல் முளைக்கிறது. முதியவர் பல் கட்டிக்கொள்கிறார். பயிருக்கு உரிய முளைத்தலை மொழி பல்லுக்கும் தந்திருக்கிறது. முல்லை அரும்பைப் பல்லுக்கு உவமையாக்கிய நம் கவிமரபும் அதே திசையில்தான் நோக்கியது போலும். கட்டுதல் என்பதோ கொத்தனாருக்கும் தட்டாருக்கும் உரிய வினை. முளைத்தது விழுந்தபின் கட்டியதைக் கொண்டு காலம் தள்ளுவதே மனித வாழ்வின் இயல்பு என்று நெடுங்காலம் எல்லா நாட்டவரும் அமைதி கொண்டிருந்தனர்.

அவ்வாறு அமைதி கொள்ளாத சிலரின் வரலாற்றை நாம் இங்குக் காண முற்படுகிறோம். ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைக் கொண்டு, கடிக்கவும் மெல்லவும் வல்ல பல்லை மீண்டும் வளர்த்தெடுக்கும் ஆய்வுகள் குறித்த செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வருகின்றன. அவை பெரும்பாலும் நேற்றுப் பிறந்த அதிசயமாகவே எழுதப்படுகின்றன. ஆனால் கட்டிய பல் வேண்டாம், உயிருள்ள பல்லே வேண்டும் என்ற ஆசைக்கு வயது மிகுதி. 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே, பல்லிழந்த ஓர் இளவரசிக்கு அவளுடைய பணிப்பெண்ணின் பல்லைப் பிடுங்கி நட்ட கதையைத் தாம் கேள்விப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். இளவரசி அதைக் கொண்டு நன்றாக மென்றாளாம். பணிப்பெண் எதைக் கொண்டு மென்றாள் என்று பாரேவும் கேட்கவில்லை, அவருக்குச் சொன்னவரும் சொல்லவில்லை. புதிய பல் யாருடைய உடம்பிலிருந்து வருகிறது என்ற அந்தக் கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து வருவதை வாசகர்கள் காணலாம்.

கேள்விப்பட்ட கதையைச் சோதனையாக்கியவர் ஜான் ஹன்டர். 1728இல் ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். பட்டம் பெற்ற கல்வி அவருக்கு இல்லை. பிணங்களை அறுத்தறிந்தே உடலியலைக் கற்றவர். 1760களில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற பல் மருத்துவருடன் சேர்ந்து பணியாற்றியபோது பற்களின் மீது அவருடைய கவனம் திரும்பியது. கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை, இங்கிலாந்தின் செல்வர் வீட்டு மேசைகளை நிறைத்துக்கொண்டிருந்த காலம் அது. செல்வர்களின் பற்கள் சொத்தையாகிக்கொண்டிருந்தன.

ஓர் உடம்பிலிருந்து பிரித்த பகுதி வேறோர் உடம்பில் உயிர்வாழுமா என்பது ஹன்டரை விடாமல் பற்றிக்கொண்ட கேள்வி. சேவலின் கால்முள்ளை அதன் கொண்டையில் நட்டுப் பார்த்தார். சேவலின் விதையை எடுத்துப் பெட்டைக் கோழியின் வயிற்றுக்குள் வைத்தார். பிறகு, அப்போதுதான் பிடுங்கிய நல்ல மனிதப் பல் ஒன்றை எடுத்து, சேவற்கொண்டையின் தடித்த பகுதியில் கத்தியால் ஆழக் கீறி, வேர்ப்பகுதியை உள்ளே அழுத்தி நூலால் கட்டினார். சில மாதங்கள் கழித்துச் சேவலைக் கொன்று, அதன் தலையின் இரத்தக் குழாய்களில் நிறமூட்டிய திரவத்தைச் செலுத்தினார். கொண்டையை மென்மையான அமிலத்தில் ஊறவைத்துப் பல்லைப் பிளந்து பார்த்தார். பல்லின் உட்புறக் குழாய்களிலும் அந்நிறம் ஏறியிருந்தது. பல்லின் வெளிப்புறம் முழுவதும் கொண்டையின் சதையோடு நுண்குழாய்களால் ஒட்டியிருந்தது. மனிதனின் பல் சேவலின் குருதியைக் குடித்து வாழ்ந்திருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார்.

அந்தக் கொண்டை இன்றும் லண்டன் அறுவை மருத்துவர் அரசக் கல்லூரியைச் சேர்ந்த ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கிறது. 1941இல் அக்கட்டடத்தின் மீது விழுந்த ஜெர்மானியக் குண்டுகள் ஹன்டரின் சேகரிப்பில் பெரும்பகுதியை அழித்தன. கொண்டை தப்பிப் பிழைத்தது.

ஹன்டரின் நேர்மையை நாம் மதித்தே ஆக வேண்டும். பலமுறை செய்து பார்த்ததில் இச்சோதனை ஒரே ஒருமுறைதான் பலித்தது என்று அவரே எழுதிவிட்டார். ஆனால் அந்த ஒருமுறையின் பலத்தில் மனித வாய்களுக்குப் பரிந்துரையும் செய்தார் என்பதை மறப்பதற்கில்லை. 1771இல் அவருடைய பற்களின் இயற்கை வரலாறு வெளிவந்தது. பல் நோய்களைப் பற்றிய இரண்டாம் பகுதி 1778இல் வந்தது. ஒற்றை வேருடைய பற்களே நடுவதற்கு ஏற்றவை, கொடுப்பவர் இளவயதினராக இருப்பது நன்று என்றெல்லாம் அதில் அறிவுரைகள் உள்ளன. நமக்கு உறுத்தும் அறிவுரை வேறு. பல் கொடுப்பவர் ஒருவரை மட்டும் வரவழைத்தால் போதாதாம். ஒத்த பற்களையுடைய பலரைத் தயாராக வைத்திருக்க வேண்டுமாம். முதலாமவர் பல் பொருந்தாவிட்டால் இரண்டாமவருடையதைப் பிடுங்கலாம் அல்லவா? பொருந்தாமற்போன முதல் பல்லின் உடைமையாளர் என்ன ஆனார் என்பதற்கு அந்நூலில் இடமில்லை.

நூலில் இல்லாத இடத்தை ஓர் ஓவியர் தந்தார். தாமஸ் ரோலண்ட்சன் 1787இல் வரைந்த கேலிச்சித்திரம் பல் நடும் கூடமொன்றைக் காட்டுகிறது. பகட்டான உடையணிந்த சீமாட்டியும், கரி படிந்த புகைபோக்கி துடைக்கும் சிறுவனும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். மருத்துவர் சிறுவனின் பல்லைப் பிடுங்குகிறார். கந்தல் உடுத்த ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வாசல் வழியே வெளியேறுகிறார்கள். சிறுமியின் பார்வை கையிலுள்ள நாணயத்தின் மீது இருக்கிறது. உயிருள்ள பற்களுக்கு மிக உயர்ந்த விலை தரப்படும் என்று கதவிலே அறிவிப்பு. மிகைப்படுத்துவது கேலிச்சித்திரத்தின் தொழில்தான். ஆனாலும் இதில் மிகை எங்கே இருக்கிறது என்று தேடினால், மருத்துவரின் முகபாவத்தைத் தவிர வேறொன்றும் நமக்குத் தென்படவில்லை.

அட்லாண்டிக்கின் அக்கரையிலும் இதே வாணிகம் நடந்தது. அமெரிக்க விடுதலைப் போரின் தளபதியாகிப் பின்னர் முதல் குடியரசுத் தலைவருமான ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்நாள் முழுவதும் பல்லால் வருந்தியவர். 1789இல் பதவியேற்றபோது அவருக்கு எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும் மனிதப் பற்களுமே அவருடைய பற்கட்டுகளில் இருந்தன. மவுண்ட் வெர்னனில் இருந்த அவருடைய பண்ணையின் 1784ஆம் ஆண்டு மே மாதக் கணக்கேட்டில் ஒரு வரி காணப்படுகிறது. லமயேர் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவரின் பொருட்டு, ஒன்பது பற்களுக்காக நீக்ரோக்களுக்குக் கொடுத்தது ஆறு பவுன் இரண்டு ஷில்லிங். அந்த அடிமைகளின் பெயர்கள் ஏட்டில் இல்லை. பற்கள் வாஷிங்டனின் வாய்க்கே சென்றனவா என்பதையும் ஏடு சொல்லவில்லை. அதே லமயேர் வர்ஜீனியாவில் செய்த விளம்பரத்தில் ஒரு முன்பல்லுக்கு இரண்டு கினி தருவதாகவும், அடிமைகள் வர வேண்டாம் என்றும் அறிவித்தார். இரண்டு கினி என்பது நாற்பத்திரண்டு ஷில்லிங். பண்ணை அடிமைகளுக்குக் கிடைத்ததோ ஒரு பல்லுக்குச் சுமார் பதின்மூன்றரை ஷில்லிங். விளம்பர விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாது. அந்த விலைக்கும் மறுத்துவிட அவர்களால் முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஃபான்டீன் நினைவுக்கு வரக்கூடும். விக்டர் ஹ்யூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். 1950இல் அது நாகையா நடித்த திரைப்படமாகவும் வந்தது. மகளுக்கு நோய் என்று வந்த பொய்க் கடிதத்தை நம்பி, முதலில் கூந்தலை விற்றிருந்த ஃபான்டீன், பின்னர் மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் ஊர்சுற்றும் பல் மருத்துவனுக்கு நாற்பது பிராங்குக்கு விற்கிறாள். இதை மிகையுணர்ச்சி என்று ஒதுக்குவோர் உண்டு. மேலே கண்ட கணக்கேட்டைப் படித்தபின் அக்காட்சி நமக்கு வரலாற்றுப் பதிவாகவே தோன்றுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நாவலின் அப்பகுதி நிகழும் 1820களில் உயிர்ப்பல் நடும் வழக்கம் பெரிதும் ஓய்ந்துவிட்டது. விலைக்கு வாங்கிய பற்களைத் தந்தத்தில் பதித்துக் கட்டினார்கள்.

வழக்கம் ஓய்ந்ததற்கு இரக்கம் காரணமன்று, அச்சமே காரணம். நட்ட பல்லோடு மேகநோயும் வந்து சேர்கிறது என்ற ஐயம் 1780களில் பரவியது. பல் நட்டுக்கொண்ட இளம்பெண் ஒருத்தி நோயுற்று இறந்ததை வில்லியம் வாட்சன் என்ற மருத்துவர் 1785இல் எழுதினார். அது மேகநோய் அன்று என்று ஹன்டர் வாதாடினார். சீமாட்டிகள் ஹன்டரை நம்பவில்லை. 1815இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் மடிந்த வீரர்களின் பற்கள் பெருமளவில் பல் மருத்துவர்களுக்கு வந்து சேர்ந்தன. பிணத்திலிருந்து எடுத்த பற்களுக்கு வாட்டர்லூ பற்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. பின்னர்ப் பீங்கான் பல், பதப்படுத்திய ரப்பரில் செய்த ஈறு, அக்ரிலிக் எனக் கட்டும் கலை வளர்ந்தது. ஸ்வீடனின் பிரோனமார்க், டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடுவதை 1950களில் முயல்களிடம் கண்டு, 1965இல் மனிதத் தாடையில் முதன்முதலாகப் பொருத்தினார். இன்று நாம் இம்ப்ளான்ட் என்று கேள்விப்படுவது அதுவே. சிறந்த பொருள்தான். ஆயினும் அதுவும் கட்டிய பல்லே. அதற்கு நரம்பில்லை, சூடு குளிர்ச்சி தெரியாது, தாடை வளர்ந்தால் அதனோடு சேர்ந்து நகராது.

ஹன்டரின் சோதனைகள் ஏன் தோற்றன என்பதற்கு விடை கிடைக்கச் சுமார் 170 ஆண்டுகள் ஆயின. பீட்டர் மெடவார் 1940களில் முயல்களுக்குத் தோல் ஒட்டிப் பார்த்து, அயல் உடம்பின் திசுவை நம் உடம்பின் காப்பமைப்பு அடையாளம் கண்டு அழிக்கிறது என்று நிறுவினார். லண்டன் சீமாட்டியின் தாடை, சிறுவனின் பல்லை ஓரிரு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு அதன் வேரை மெல்ல மெல்லக் கரைத்துத் தின்றிருக்கிறது. பிறருடைய பல் உதவாது என்பதை அறத்துக்கு முன்பே உடம்பு அறிந்து வைத்திருந்தது.

அப்படியானால் தன் பல்லையே மீண்டும் முளைக்கச் செய்வது எப்படி? இதற்குப் பல் எவ்வாறு முளைக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கருவின் ஆறாம் வாரமளவில் வாயின் உட்தோல் ஓரிடத்தில் தடித்து, அடியிலுள்ள சதைக்குள் அமிழ்கிறது. மேலே தோல், கீழே சதை. இவ்விரண்டும் வேதிப்பொருள்களால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த உரையாடலில் தோல் எனாமலைச் செய்கிறது. சதை டென்டினையும் உள்ளிருக்கும் பற்கூழையும் செய்கிறது. கருவியலார் இதன் தொடக்க நிலையை அரும்பு என்ற பொருளுடைய சொல்லாலேயே குறிக்கின்றனர். எட்வர்ட் காலர் என்ற அமெரிக்க ஆய்வாளர், சுண்டெலிக் கருவின் பல்லரும்புச் சதையை அதன் உள்ளங்கால் தோலோடு சேர்த்து வளர்த்தார், பல் உண்டாயிற்று. அந்தச் சதைக்கு அத்தகைய ஆணையிடும் வல்லமை. 1980இல் அவரும் ஃபிஷரும் இன்னும் துணிந்து, கோழிக்கருவின் தோலைச் சுண்டெலியின் பல்லரும்புச் சதையோடு சேர்த்தார்கள். பல் வந்தது! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பறவையினம் பல்லை இழந்துவிட்டது. நடக்கவே நடக்காததைக் கோழிக்குப் பல் முளைக்கும்போது நடக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது வழக்கம். எலித்தோல் தவறிக் கலந்திருக்கலாம் என்று பலர் ஐயுற்றனர். 2006இல் மரபுப் பிறழ்வுடைய கோழிக்கருவில் முதலையின் பல்லை ஒத்த முளைகள் காணப்பட்டபோது, கோழியிடம் அப்பழைய திறன் உறங்கிக்கிடப்பது உறுதியாயிற்று. ஹன்டர் தம் சேவலுக்குப் பல்லைப் பிடுங்கி வந்து நட்டிருக்கவே வேண்டியதில்லை போலும்.

குருத்தணு என்ற சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. தண்டணு, மூல உயிரணு என்றும் தமிழில் எழுதுகின்றனர். நம் வாக்கு குருத்துக்கே. 1868இல் எர்னஸ்ட் ஹெக்கல் ஜெர்மன் மொழியில் இதன் மூலச்சொல்லை வழங்கியபோது, அவர் மனத்தில் இருந்தது வழிமுறை காட்டும் குலமரம். அதைத் தண்டு என்று பெயர்ப்பதைவிட, வெட்டினாலும் நடுவிலிருந்து மேலெழும் வாழைக்குருத்தை நினைப்பது பொருளுக்கு நெருக்கமானது.

2000இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கிராந்தோஸ், ஷி முதலியோர், பிடுங்கி எறியப்படும் அறிவுப்பல்லின் கூழில் குருத்தணுக்கள் இருப்பதைக் கண்டனர். ஷியின் ஆறு வயது மகளுக்குப் பால்பல் விழுந்தது அடுத்த ஆய்வுக்கு வழிகாட்டியது. 2003இல் விழுந்த பால்பற்களிலும் அவ்வணுக்கள் உயிரோடு இருப்பதாக அறிவித்தனர். சாணத்தில் பொதிந்து ஓட்டின்மேல் எறிவதற்கு உரியதென்று நம் வீடுகளும், கீழ்ப்பல்லானால் கூரைமேல் எறிய வேண்டுமென்று ஜப்பானிய வீடுகளும் கருதிய பொருள் அது. இதற்கிடையே 2002இல் பாஸ்டனின் ஃபோர்சைத் நிறுவனத்தில் யங், யெலிக் குழுவினர், பன்றியின் பல்லரும்பு அணுக்களைக் கரையும் சட்டகமொன்றில் தூவி, எலியின் வயிற்றுக்குள் வைத்து, எனாமலும் டென்டினும் கொண்ட சிறு பல்முடிகளை வளர்த்தெடுத்தனர். 2004இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஷார்ப் குழுவினர், எலும்பு மச்சையின் குருத்தணுக்களும் சதையின் பாத்திரத்தை ஏற்க வல்லவை என்று சுண்டெலியில் காட்டினர்.

முழு வெற்றி டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் கிட்டியது. தகாஷி ட்சுஜியின் குழுவினர் சுண்டெலிக் கருவின் பல்லரும்பைத் தனித்தனி அணுக்களாகப் பிரித்து, தோலணுக்களையும் சதையணுக்களையும் கூழ்மத்துளிக்குள் நெருக்கமாக, ஆனால் ஒன்றோடொன்று கலவாமல் அடுக்கினர். அணுக்கள் தாமே மீண்டும் அரும்பாயின. 2007இல் இம்முறை வெளியாயிற்று. 2009இல் அந்த அரும்பைக் கடைவாய்ப்பல் இழந்த வளர்ந்த சுண்டெலியின் தாடையில் நட்டனர். சுமார் 37 நாளில் ஈறு பிளந்து பல் வெளிவந்தது; சுமார் 49 நாளில் எதிர்ப்பல்லைத் தொட்டது. கடினத்தில் இயற்கைப் பல்லை ஒத்திருந்தது. நரம்பு வலியை உணர்ந்தது. பல் வலித்ததற்காக ஆய்வாளர்கள் மகிழ்ந்தது மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

ஆனால் பழைய கேள்வி இங்கும் வந்து நிற்கிறது. அந்தப் பல்லின் அணுக்கள் நோயாளி எலியுடையவை அல்ல. பிறவாத வேறோர் எலிக்குஞ்சினுடையவை. மனிதருக்கு இதை அப்படியே செய்வதென்றால் கருவிலுள்ள சிசுவின் பல்லரும்பு வேண்டும். அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. வளர்ந்த மனிதரின் பற்கூழில் சதைப்பக்கத்துக் குருத்தணுக்கள் கிடைக்கின்றன. தோற்பக்கத்தில்தான் இடர். எனாமல் செய்யும் அணுக்கள், பல் ஈறைப் பிளந்து வெளிவருவதோடு தம் வேலையை முடித்து மடிந்துபோகின்றன. சுண்டெலியின் முன்பல் வாழ்நாளெல்லாம் வளர்வதற்குக் காரணம் அதன் அடியில் அத்தகைய குருத்தணுக்கள் தங்கியிருப்பதே; நமக்கு அந்தப் பேறு இல்லை. உரையாட இருவர் வேண்டும், ஒருவர் இறந்துவிட்டார். இந்த ஒற்றைத் தடையைச் சுற்றியே இன்றுவரை ஆய்வுகள் சுழல்கின்றன.

எனாமல் தேவைப்படாத இடத்தில் வழி திறந்தது. சீனத்தின் சியான் நகரில், விபத்தால் பற்கூழ் மடிந்த இளவயதினர் 40 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2018இல் முடிவை வெளியிட்டனர். 30 பேருக்கு, அவரவருடைய பால்பல்லிலிருந்து எடுத்த குருத்தணுக்களையே வளர்த்துக் கூழ் செத்த பல்லுக்குள் வைத்தனர். மீண்டும் குருதி ஓடியது, உணர்ச்சி திரும்பியது, வளர்ச்சி நின்ற வேர் நீண்டது. முழுப்பல் அன்று; பல்லின் உள்ளுயிர் மட்டுமே. ஆயினும் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரே என்பதால், பாரேவின் இளவரசி முதல் நாம் பார்த்துவந்த கணக்குகள் எதிலும் இல்லாத புதுமை இதில் உண்டு.

புதுமை வந்த வேகத்தில் வாணிகமும் வந்தது. குழந்தையின் பால்பல்லைக் கட்டணத்துக்குக் குளிரூட்டிச் சேமித்து வைப்பதாகச் சொல்லும் வங்கிகள் பல நாடுகளில் முளைத்தன, இந்தியாவிலும் முளைத்தன. பிற்காலத்தில் எல்லா நோய்க்கும் அது மருந்தாகும் என்ற தோரணையில் பெற்றோரிடம் பேசினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தொப்புள்கொடிக் குருதியைத் தவிர, பல் உள்ளிட்ட பிற திசுக்களின் வணிகச் சேமிப்பை ஏற்கவில்லை. பயன் நிறுவப்படவில்லை என்பதே காரணம். சரியான முடிவு என்றே நாம் கருதுகிறோம். அன்று ஏழையின் வாயிலிருந்து பல்லை எடுத்தவர்கள் காசாவது கொடுத்தார்கள். இங்கே பல்லையும் வாங்கிக்கொண்டு காசையும் வாங்கிக்கொண்டார்கள்.

அணுக்களை வெளியிலிருந்து கொண்டு வராமல், தாடைக்குள் உறங்கும் அரும்பை எழுப்பலாமே என்பது கியோட்டோவின் வழி. கட்சு தகஹாஷியும் அவருடன் பணியாற்றியோரும், யூசாக்-1 என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு மிகைப்பற்கள் முளைப்பதை 2007இல் கண்டனர். அப்புரதம் பல்லரும்பு வளர்வதைத் தடுத்து நிறுத்தும் காவலாளி. அதை முடக்கும் எதிர்ப்பொருளை ஊசியாகச் செலுத்தினால், பிறவியிலேயே பல் குறைந்த சுண்டெலிக்கும், நம்மைப்போலப் பால்பல்லும் நிலைப்பல்லும் உடைய ஃபெரட் என்ற கீரியொத்த விலங்குக்கும் பல் முளைப்பதாக 2021இல் எழுதினர். இதில் குருத்தணுவை நடுவதில்லை. இருக்கும் குருத்தைத் தடையிலிருந்து விடுவிப்பதே உத்தி. ஹன்டரின் சந்ததியில் வந்ததாயினும், இம்முறையில் பல் கொடுப்பவர் என்றொருவர் தேவையே இல்லை.

கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2024இல் மனிதரிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. 30 முதல் 64 வயதுக்கு உட்பட்ட, குறைந்தது ஒரு கடைவாய்ப்பல்லேனும் இல்லாத 30 ஆண்களுக்கு ஊசி செலுத்தி, தீங்கு நேர்கிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். அவர்களுக்குப் பல் முளைக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. அடுத்து, பிறவியிலேயே நான்கு பற்களேனும் இல்லாத இரண்டு முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் செய்து பார்க்கத் திட்டமிட்டுள்ளனர். முதுமையிலோ சொத்தையாலோ பல்லிழந்த நம்மைப் போன்றோரின் முறை, அக்குழந்தைகளுக்குப் பின்னரே வரும்.